மாணவர் கட்டும் பந்தயக் காரும் சார்ஜ் லிஸ்டும்

பந்தயக் கார் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வரும் பெயர் சோழவரம். சென்னைக்கு வடக்கே இருந்த, இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். போர் முடிந்தபின் சும்மா கிடந்த அந்தத் தளத்தில் 1950களில் கார்ப் பந்தயம் தொடங்கியது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் உருவாயிற்று. நாகர்கோவில்காரர்களுக்குச் சோழவரம் என்பது பத்திரிகையில் பார்க்கிற படம்தான். ஓடுகிற கார்களில் பாதி, யாரோ ஒருவர் தன் பட்டறையில் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டியவை என்று சொல்வார்கள். 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வந்தது. சோழவரம் மெல்ல மறந்துபோனது.

நான் எழுத வந்தது அந்தப் பெரிய பந்தயங்களைப் பற்றி அல்ல. கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே வரைந்து, தாங்களே வெல்டு வைத்து, தாங்களே காசு புரட்டி ஒரு பந்தயக் காரைக் கட்டி ஓட்டுகிறார்களே, அதைப் பற்றி. நம் மாவட்டத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு எஞ்சினியரிங் காலேஜ். பேரன் பேத்தி யாராவது "டீம்ல இருக்கேன் பாட்டா" என்று சொல்லி, ராத்திரி பத்து மணிக்குக் கையெல்லாம் கிரீஸோடு வீட்டுக்கு வந்தால், அது என்ன கூத்து என்று உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

கதையைக் கொஞ்சம் தூரத்திலிருந்து தொடங்குகிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இந்த இடத்தில் என்னால் சும்மா இருக்க முடியாது.

உலகின் முதல் மோட்டார் போட்டி என்று பலரும் ஒப்புக்கொள்வது 1894 ஜூலை 22-ஆம் தேதி பாரிசிலிருந்து ரூவான் நகருக்கு நடந்தது. தூரம் 126 கிலோமீட்டர். நடத்தியது லெ பெத்தி ஜூர்னால் என்ற பத்திரிகை. 102 பேர் பெயர் கொடுத்தார்கள். கடைசியில் புறப்பட்டவை 21 வண்டிகள். முதலில் போய்ச் சேர்ந்தவர் தெ தியோன் பிரபு. அவருடையது நீராவி வண்டி. ஆனால் முதல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. பெட்ரோலில் ஓடிய பெஜோ, பனார் எ லெவாசோர் என்ற இரண்டு கம்பெனிகளும் அதைப் பகிர்ந்துகொண்டன. காரணம், போட்டியின் விதியிலேயே வேகம் முக்கியமில்லை. வண்டி ஆபத்தில்லாமல் இருக்கவேண்டும், ஓட்ட எளிதாக இருக்கவேண்டும், செலவு அதிகம் பிடிக்கக்கூடாது. தெ தியோனின் வண்டிக்கு ஓட்டுபவர் தவிர, கொதிகலனுக்குத் தீ மூட்ட இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. அதனால் அது இரண்டாம் இடத்துக்குப் போயிற்று. அந்தத் தீ மூட்டும் ஆளுக்குப் பிரெஞ்சில் 'ஷோஃபர்' என்று பெயர். சூடாக்குகிறவன் என்று பொருள். பிற்காலத்தில் முதலாளியின் காரை ஓட்டுகிறவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது தனிக்கதை. இந்த 1894 விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டிவரும்.

மாணவர் போட்டி பிறந்தது அமெரிக்காவில். 1979-இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் 'மினி இண்டி' என்று ஒரு போட்டி வைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி 5 குதிரைசக்தி எஞ்சின், நம் வயல் பம்ப்செட் அளவுதான். அது தொடர்ந்து நடக்கவில்லை. 1981-இல் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழக மாணவர்கள், விதிகளைத் திருத்தி, எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மாணவரிடமே விட்டு, பெரிய போட்டியாக நடத்தினார்கள். அதற்கு 'ஃபார்முலா எஸ்.ஏ.இ.' என்று பெயர். இங்கிலாந்தில் 1998-இல் 'ஃபார்முலா ஸ்டூடண்ட்' வந்தது. ஜெர்மனியில் 2006 முதல் ஹாக்கன்ஹைம் தடத்தில் நடக்கிறது.

எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுத்தால் பணக்காரக் கல்லூரி பெரிய எஞ்சினை வாங்கி ஜெயித்துவிடாதா என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு கெட்டிக்காரப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். எஞ்சினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போகவேண்டும். கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு. எவ்வளவு பெரிய எஞ்சின் வைத்தாலும் மூச்சு அந்த மூக்கு வழியாகத்தான். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் கே.டி.எம். 390 மோட்டார் சைக்கிளின் ஒற்றை சிலிண்டர் எஞ்சினை வாங்குகிறார்கள். 373 சி.சி. எடை குறைவு, உதிரிப் பாகம் கிடைக்கும்.

இந்தியாவில் இது பிற்பாடுதான் வந்தது. கரடுமுரடான தரையில் ஓடும் 'பாஹா' வண்டிப் போட்டியை எஸ்.ஏ.இ. இந்தியா அமைப்பு 2007-இல் மத்தியப் பிரதேசத்துப் பித்தம்பூரில் தொடங்கியது. பந்தயக் கார் வகைக்கான 'சூப்ரா' போட்டி 2011-இல் நம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் தொடங்கி, பிறகு டெல்லி பக்கம் புத்தா தடத்துக்குப் போயிற்று. 'ஃபார்முலா பாரத்' என்ற போட்டி கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஜனவரி மாதங்களில் நடக்கிறது.

கரி என்றால் அடுப்புக்கரி அல்ல. கரிவர்தன் என்ற மனிதரின் பெயர். கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்து, ஓர் ஆள் உட்காரும் பந்தயக் காராகக் கட்டினார். 1988-இல் 'ஃபார்முலா மாருதி' என்று அந்த வகைப் பந்தயம் வந்தது. அதுவரை வெளிநாட்டுப் பழைய காரை வாங்கி வந்தவர்களுக்குத்தான் பந்தயம். அவருக்குப் பிறகு சாதாரணப் பையன்களும் உள்ளே வரமுடிந்தது. அந்தக் காரில் பழகியவர்களில் ஒருவர்தான் நரேன் கார்த்திகேயன். 1992-இல் பிரான்சின் எல்ஃப் வின்ஃபீல்டு பயிற்சிப் பள்ளிக்குப் போய், 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவர்தன் 1995-இல் சிறுவிமான விபத்தில் இறந்தார். நாற்பத்தொரு வயதுதான். 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

கோவை என்று வந்தபின் ஜி.டி. நாயுடுவைச் சொல்லாமல் போகமுடியுமா? 1945-இல் அவருடைய கொடையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கின. ஆர்தர் ஹோப் அப்போதைய சென்னை கவர்னர். கல்லூரி இடம் மாறி இன்றைக்கு அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது; ஆனால் பழைய இடத்துப் பஸ் ஸ்டாப்புக்கு இன்னமும் 'ஹோப்ஸ் காலேஜ்' என்றுதான் டிக்கெட். நான்கு வருடப் படிப்பு வீண், இரண்டு வருடம் போதும், வேலை செய்துகொண்டே படிக்கட்டும் என்று நாயுடு வாதாடினார். அரசு கேட்கவில்லை, அவர் முதல்வர் பதவியை விட்டு விலகினார். இரண்டு வருடம் போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் கையில் பிடித்துப் பார்க்காத படிப்பைப் பற்றி அவர் கொண்டிருந்த எரிச்சல் எனக்குப் புரிகிறது. இந்தக் கார் டீம்கள், அவர் கேட்டதைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்திருக்கின்றன என்று தோன்றுகிறது.

இனி மதிப்பெண் கணக்கு. குமாஸ்தாவுக்குப் பிடித்த இடம் இதுதான். மொத்தம் 1000. விதிப்புத்தகம் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும் என்றாலும் பொதுவான கணக்கில் 325 மதிப்பெண், சக்கரம் ஒரு சுற்றுக்கூடச் சுற்றுவதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. வடிவமைப்புக்கு 150: தொழிற்சாலைப் பொறியாளர்கள் வந்து உட்கார்ந்து, இந்தக் குழாய் ஏன் இத்தனை தடிமன், இந்தக் கோணம் ஏன் இப்படி என்று குடைவார்கள். 'சீனியர் அப்படித்தான் வைத்தார்' என்ற பதிலுக்கு ஒன்றும் கிடைக்காது. செலவுக் கணக்குக்கு 100: போல்ட், நட்டு, வாஷர் வரை ஒவ்வொன்றும் என்ன விலை, செய்ய என்ன கூலி என்று எழுதவேண்டும். வியாபாரத் திட்டத்துக்கு 75: இந்தக் காரைத் தயாரித்து விற்கப்போகும் கம்பெனி போல நின்று பத்து நிமிடம் பேசவேண்டும். அதாவது பாரிஸ்–ரூவான் போட்டியின் அதே மூன்று கேள்விகள்: ஆபத்தில்லையா, கையாள எளிதா, செலவு எவ்வளவு. நூறு வருடத்துக்குப் பிறகும் கேள்வித்தாள் மாறவில்லை பாருங்கள்.

ஓட்டத்தில் 75 மீட்டர் நேர் ஓட்டம், எட்டு வடிவில் சுற்றுதல், ஒற்றைச் சுற்று, கடைசியில் சுமார் 22 கிலோமீட்டர் நீடித்த ஓட்டம். அந்தக் கடைசி ஓட்டத்தில்தான் பல கார்கள் விழுகின்றன. பாதியில் ஓட்டுபவர் மாறவேண்டும். சூடான எஞ்சினை அணைத்து, ஆள் மாறி, திரும்ப ஸ்டார்ட் செய்கிற அந்த நேரத்தில் உயிர் போய் உயிர் வரும். கிளம்பாவிட்டால் பெரும்பகுதி மதிப்பெண் போயிற்று.

ஆனால் தடத்துக்குப் போகவே பரிசோதனை தாண்டவேண்டும். காரை ஒரு மேடையில் ஏற்றி 60 டிகிரி சாய்ப்பார்கள். எண்ணெய் ஒரு சொட்டுக்கூட ஒழுகக்கூடாது, சக்கரம் தூக்கக்கூடாது. ஓட்டுபவர் பெல்ட்டையெல்லாம் கழற்றிக்கொண்டு 5 வினாடியில் வெளியே வரவேண்டும். பிறகு பிரேக் சோதனை: ஓடிவந்து மிதித்தால் நான்கு சக்கரமும் ஒன்றாகப் பூட்டி நிற்கவேண்டும். மூன்று பூட்டி ஒன்று உருண்டால் ஸ்டிக்கர் கிடையாது. ஸ்டிக்கர் இல்லையென்றால் வேடிக்கை பார்க்கலாம்.

சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். தேர் திரும்புவதும் நிற்பதும் சக்கரத்தடியில் கட்டை போடுகிற சில பேர் கையில். அவர்களைப் படம் எடுப்பவர் யாரும் இல்லை.

டீம் என்பது எத்தனை பேர்? சென்னை ஐ.ஐ.டி.யின் 'ரஃப்தார்' குழு 2012-இல் தொடங்கியது. பத்தாண்டு பெட்ரோல் கார் கட்டிவிட்டு, 2022 நவம்பரில் 'ஆர்.எஃப். 23' என்ற தங்கள் முதல் மின்சாரப் பந்தயக் காரை வெளியிட்டார்கள். அப்போது குழுவில் 45 மாணவர்கள். எல்லோரும் மெக்கானிக்கல் அல்ல. பல துறைப் பிள்ளைகள். சட்டகம் ஒரு பிரிவு (அந்த 'சேஸிஸ்' என்பதும் பிரெஞ்சுதான், 'ஷாஸி', எங்கள் பள்ளியில் ஜன்னல் சட்டத்துக்கும் அதே சொல்), சஸ்பென்ஷன், பிரேக், எஞ்சின் அல்லது மோட்டார், வயரிங், பிறகு பணம் புரட்டுகிற பிரிவு. இந்தக் கடைசிப் பிரிவைப் பிள்ளைகள் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள். சம்பளப் பட்டியல் போடுகிறவனை எஞ்சினியர் பார்க்கிற பார்வை. எனக்கு அது பழக்கம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் தெருவிலுள்ள ஒரு பையன், பெயர் வேண்டாம், நம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் டீமில் செலவுக் கணக்கு எழுதும் பொறுப்பில் இருந்தான். ஒரு நாள் பில் கட்டு ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்தான். "பாட்டா, நீங்க ஆபீஸ்ல கணக்கு பாத்தவருதானே, இத ஒண்ணு ஒழுங்கு பண்ணித் தரணும்." கோட்டாறு லேத் பட்டறையில் எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டு முதல் ஆன்லைனில் வாங்கிய பேரிங் வரை எல்லாம் கலந்து கிடந்தது. ஆளுக்கு இவ்வளவு என்று போட்ட பணம், ஸ்பான்சர் கொடுத்தது கொஞ்சம். ஒரு பையனின் அப்பா ரப்பர் பால் வெட்டுகிற தொழிலாளி, அவரும் கொடுத்திருந்தார். அதைப் பார்த்தபின் நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

வவுச்சருக்கு எண் போட்டோம், பிரிவு வாரியாகப் பிரித்தோம். மூன்று நாளில் கணக்கு நேராயிற்று. அப்புறம் நான் கேட்டேன்: "மக்கா, வாங்கினதுக்குச் சீட்டு இருக்கு. வாங்கின சாமான் எங்கே இருக்குன்னு எழுதின இருப்புப் பதிவேடு எங்கே?" அவன் சிரித்தான். "எல்லாம் ஷெட்ல கிடக்கும் பாட்டா." போன வருஷத்து சீனியர்கள் போகும்போது என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்றேன். ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்ததாம். படங்கள் ஒருவனுடைய லேப்டாப்பில் இருந்தனவாம். அவன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து லேப்டாப்பையும் மாற்றிவிட்டான்.

கோவைக்குப் போனார்கள். சாய்வு மேடை தாண்டியது. பிரேக் சோதனையில் முன் சக்கரம் இரண்டும் பூட்டின, பின் சக்கரம் உருண்டது. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு மாஸ்டர் சிலிண்டர். நடுவில் அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்க ஒரு தண்டு. தண்டைப் பின் பக்கம் எவ்வளவு திருப்பினாலும் போதவில்லை. பின்னுக்கு இன்னும் குறுகிய துளையுள்ள சிலிண்டர் போட்டிருந்தால் அழுத்தம் கூடியிருக்கும். அது கையில் இல்லை. இரண்டு நாள் வரிசையில் நின்று, நின்று, நேரம் முடிந்துபோயிற்று. வடிவமைப்புக்கும் செலவுக் கணக்குக்கும் மதிப்பெண் கிடைத்தது. கார் தடத்தில் ஒரு அடி ஓடவில்லை.

திரும்பி வந்த பதினைந்தாம் நாள் ஷெட்டைச் சுத்தம் செய்யும்போது, வெல்டிங் கம்பிப் பெட்டிக்கு அடியில் ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் பிரிக்காத உறையில் அந்தக் குறுகிய துளைச் சிலிண்டர். பெடல் அமைப்பை இவர்கள் முந்தைய ஆண்டு வண்டியிலிருந்து அப்படியே எடுத்திருந்தார்கள். சீனியர்களும் அதே கோளாறைப் பார்த்து, காரணத்தையும் கண்டுபிடித்து, சாமானையும் வாங்கியிருக்கிறார்கள். மாட்டுவதற்குள் பரீட்சை வந்துவிட்டது. அவ்வளவுதான். யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை, எழுதி வைக்கவில்லை.

அந்தப் பையன் பெட்டியோடு வந்து என் திண்ணையில் உட்கார்ந்தான். ஒன்றும் பேசவில்லை. காப்பி குடித்துவிட்டு, "அந்த ரிஜிஸ்டர் எப்படிப் போடணும் பாட்டா?" என்றான்.

அரசு அலுவலகத்தை ஆயிரம் குறை சொல்லலாம், நானே சொல்வேன். ஆனால் ஒரு செக்‌ஷனிலிருந்து மாறுதலில் போகிறவன் சார்ஜ் லிஸ்ட் கொடுக்காமல் போகமுடியாது. கோப்பு எத்தனை, நிலுவை எத்தனை, எந்தக் கடிதத்துக்கு எந்தத் தேதிக்குள் பதில் போகவேண்டும், பீரோச் சாவி யாரிடம். கொடுப்பவர் கையெழுத்து, வாங்குபவர் கையெழுத்து. நான் முப்பத்தைந்து ஆண்டில் ஏழு முறை அப்படிக் கொடுத்திருக்கிறேன். கல்லூரி டீம் என்பது வருடா வருடம் மொத்த செக்‌ஷனும் ஒரே நாளில் மாறுதலில் போகிற அலுவலகம். நான்காம் ஆண்டுக்காரர்களோடு பாதி அறிவு வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது.

வெளிநாட்டில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதற்கு ஓர் அளவுகோல் சொல்லலாம். 2023 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்து மாணவர் குழு ஒன்று, லூசெர்ன் கல்லூரியோடு சேர்ந்து கட்டிய மின்சாரக் கார், நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 0.956 வினாடியில் தொட்டது. 12.3 மீட்டர் தூரத்துக்குள். காரின் எடை 140 கிலோதான். அதற்கு முந்தைய சாதனை, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் மாணவர்களுடையது, 1.461 வினாடி. அரை வினாடியைக் குறைத்திருக்கிறார்கள். ஒரே ஆண்டில் புதிதாக வந்த பிள்ளைகளால் ஆகிற காரியம் இல்லை இது. முந்தைய கைகள் எழுதி வைத்ததன்மேல் அடுத்த கை நிற்கிறது. அவர்களுக்குக் காசும் அதிகம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் பையன் போட்ட பதிவேடு நீல அட்டை நோட்டு, 200 பக்கம், வடசேரியில் வாங்கியது. கம்ப்யூட்டரில் போடலாமே என்று மற்றவர்கள் சொன்னார்கள். போடுங்கள், அதையும் போடுங்கள், நோட்டு ஷெட்டிலேயே சங்கிலியில் தொங்கட்டும் என்றேன். சாமான் பெயர், வாங்கிய தேதி, வவுச்சர் எண், எந்த ராக், எதற்காக வாங்கியது. இந்தக் கடைசிப் பத்தியை நான்தான் வற்புறுத்திச் சேர்த்தேன். அரசாங்கப் பதிவேட்டில் கிடையாது அது. கோளாறு கண்டுபிடித்தால் நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதவேண்டும்: என்ன நடந்தது, என்ன செய்தோம், சரியாயிற்றா. 'சரியாகவில்லை' என்றாலும் எழுதவேண்டும் என்பதில்தான் பிள்ளைகளுக்குத் தயக்கம். ஜூனியர் சிரிப்பான் என்ற பயம்.

அடுத்த ஜனவரியில் அந்தச் சிலிண்டரை மாட்டிப் போனார்கள். பிரேக் முதல் மிதியிலேயே நான்கு சக்கரமும் பூட்டியது. நீடித்த ஓட்டத்தில் ஆள் மாறும் வரை ஓடி, அப்புறம் ஸ்டார்ட் ஆகவில்லை. சூட்டில் எரிபொருள் பம்ப்பு நின்றுவிட்டது என்று அங்கேயே கண்டுபிடித்தார்கள். ராத்திரி ரயிலில் நாகர்கோவிலுக்கு வரும்போதே அதை எழுதிவிட்டார்களாம், பின்பக்கத்திலிருந்து ஆறாவது பதிவு.

பையன் இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறான். போவதற்கு முன் சார்ஜ் லிஸ்ட் ஒன்று தயாரித்து என்னிடம் காட்ட வந்தான். மொத்தம் 63 இனம். நான் ஒன்றைத்தான் திருத்தினேன்: 'ஷெட் சாவி – 2' என்றிருந்தது, மூன்றாவது சாவி வாட்ச்மேனிடம் இருப்பதைச் சேர்க்கச் சொன்னேன். வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டது ஒரு மூன்றாம் ஆண்டுப் பெண்பிள்ளை, தோவாளைக்காரி. போன வாரம் போன் செய்தாள். எரிபொருள் பம்ப்புக்குத் தகடு மறைப்பு செய்யப் பட்டறையில் கேட்ட விலை சரியா, கூடுதலா என்று கேட்டாள். இரண்டு பட்டறையில் கொட்டேஷன் வாங்கு, அப்புறம் பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.